இனிப்பைத் தொடுவதே இல்லை... பிறகும் ஏன் சர்க்கரை ஏறுகிறது? கணையத்தை முடக்கும் 'அழற்சி'!

மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது. கல்லணையும் திறந்தாயிற்று. ஆனால், நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் ஷட்டரைத் தூக்கினால்தான் கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் தண்ணீர் போகும். ஷட்டர் சிக்கிக்கொண்டால் வயல் காயும். டைப் 2 சர்க்கரை நோயாளியின் கணையத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது.

"காபிக்குச் சர்க்கரை போடுறதை விட்டு வருஷமாச்சு. மாத்திரை மட்டும் கூடிக்கிட்டே போகுதே!" - டெல்டாவில் பல வீடுகளில் கேட்கும் புலம்பல் இது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி, தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் இனிப்பு சாப்பிட்டதால் மட்டும் நோயாளி ஆனவர்கள் அல்ல.

இன்சுலின் எப்படி வெளியே வருகிறது?

கணையத்தில் இருக்கும் பீட்டா செல்கள்தான் இன்சுலினைத் தயாரித்து, சிறு சிறு பொட்டலங்களாகச் சேமித்து வைக்கின்றன. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸ் இந்தச் செல்லுக்குள் போய் எரிந்து சக்தியாகிறது. சக்தி கூடியதும் செல்லின் பொட்டாசியக் கதவு மூடி, கால்சியக் கதவு திறக்கிறது. கால்சியம் உள்ளே பாய்ந்ததும் இன்சுலின் ரத்தத்தில் கலக்கிறது.

முடக்குவது எது?

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. கிருமியை விரட்ட உடல் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் தொப்பைக் கொழுப்பும், நீண்ட நாள் இறங்காத சர்க்கரையும் உடலுக்குள் வலியே தெரியாத ஓர் அழற்சியை மூட்டிவிடுகின்றன. அப்போது சுரக்கும் 'இன்டர்லூகின்-1 பீட்டா' போன்ற ரசாயனங்கள் பீட்டா செல்லின் சக்தி உற்பத்தியைக் கெடுப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சக்தி குறைந்தால் கால்சியக் கதவு சரியாகத் திறக்காது. இன்சுலின் வெளியேறுவது குறையும். இது நீடித்தால் செல்லே செத்துப்போகலாம். சர்க்கரை ஏற அழற்சி கூடும், அழற்சி கூடச் சர்க்கரை ஏறும்.

மருந்து இருக்கிறதா?

இந்த ரசாயனத்தின் வேலையைத் தடுக்கும் 'அனகின்ரா' மருந்தை 70 டைப் 2 நோயாளிகளிடம் 13 வாரம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்குச் சர்க்கரை ஓரளவு குறைந்தது, இன்சுலின் சுரப்பும் கூடியது. 2007-ல் இந்த முடிவு வெளியானது. ஆனால், இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மருந்தை 10,000-க்கும் அதிகமான இதய நோயாளிகளிடம் சோதித்தபோது, புதிதாகச் சர்க்கரை நோய் வருவதை அது தடுக்கவில்லை. எனவே, இவை சர்க்கரைக்கான வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

நம் கையில் இருப்பவை

* சோற்றின் அளவு: 21 நாடுகளில் நடந்த 'ப்யூர்' ஆய்வு, நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுவோருக்குச் சர்க்கரை நோய் அபாயம் கூடுதல் என்கிறது. தெற்காசியாவில்தான் இந்த அபாயம் மிக அதிகம். சோற்றைக் குறைத்து, காய், பருப்பைக் கூட்டுங்கள்.
* நடை: சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்திய ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவிகிதம் குறைத்தன.
* கால்: சேற்றில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் தினமும் பாதத்தைக் கழுவித் துடைத்துப் பாருங்கள். சிறு புண்ணில் தொற்று ஏற்பட்டாலும் சர்க்கரை எகிறும்.
* ஈறு: ஈறு வீக்கம், ரத்தக்கசிவு இருந்தால் பல் டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட்டை விடுங்கள்.

'அழற்சி போக்கும் கஷாயம்' என வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சலோ தொற்றோ வந்தால் சர்க்கரையைப் பரிசோதித்து, டாக்டரைக் கேட்டே அளவை மாற்றுங்கள். மருந்து கூடுவது உங்கள் தோல்வி அல்ல. களைத்துப்போன பீட்டா செல்களின் சுமையை அது குறைக்கிறது. சர்க்கரையைச் சீக்கிரம் கட்டுக்குள் கொண்டுவந்தால், மிச்சமிருக்கும் செல்களையாவது காப்பாற்றலாம்.