சிதறிய சிவப்பணுக்கள் எங்கே போகின்றன?

இதயத்திற்குச் செய்யும் சிகிச்சையில் சிறுநீரகத்திற்கு என்ன வேலை?

மாணவர்களே, உங்கள் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து நாடித்துடிப்பை உணர்ந்து பாருங்கள். துடிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ ஒரே அளவு இடைவெளி இருக்கும். ஆனால், சிலருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, இந்த ஒழுங்கு குலைந்து போவதுண்டு. இதயத்தின் மேலறைகள் முறையாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். இதுதான் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’, அதாவது மேலறை நடுக்கம்.

நடுங்கும் அறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகலாம். அக்கட்டி மூளைக்குச் சென்று இரத்தக் குழாயை அடைத்தால் பக்கவாதம் வரும். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம்.

கலகம் தொடங்கும் இடம்

பிரான்சின் போர்டோ நகரைச் சேர்ந்த மிஷெல் ஐசாகேர் குழுவினர் 1998இல் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தனர். தாறுமாறான மின் சமிக்ஞைகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்திற்கு இரத்தம் கொண்டுவரும் சிரைகளில்தான் பிறக்கின்றன. எனவே, அச்சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு வளையம் ஒன்றை ஏற்படுத்தினால், சமிக்ஞை அதைத் தாண்டி இதயத்திற்குள் நுழைய முடியாது.

இதற்காக மருத்துவர்கள் தொடை மேல்பகுதியிலுள்ள சிரை வழியாகக் கத்தீட்டர் எனும் மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்துகின்றனர். முன்பு திசுவைச் சுடவைத்தோ உறையவைத்தோ தழும்பு உண்டாக்கினர். இதில் ஓர் ஆபத்து இருந்தது. இதயத்திற்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருக்கிறது. வெப்பம் அதையும் தாக்கக்கூடும்.

மின்சாரம் இடும் துளைகள்

அதனால் வந்ததுதான் துடிப்பு மின்புல முறை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கான முதல் கருவிக்கு 2023 டிசம்பரில் அனுமதி அளித்தது. இம்முறையில் ஆயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம், நொடியின் மிகச் சிறு பகுதி நேரமே நீடிக்கும் துடிப்புகளாகச் செலுத்தப்படுகிறது. உயிரணுவின் சவ்வில் நுண்ணிய துளைகள் விழுகின்றன. துளைகள் மூடாவிட்டால் உயிரணு இறந்துவிடும். இதயத் தசை உயிரணுக்கள் மற்ற பல உயிரணுக்களைவிட எளிதில் பாதிக்கப்படுவதால், உணவுக்குழாய் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

ஆனால், அந்த இடத்தில் இதயச் சுவர் மட்டுமா இருக்கிறது? இரத்தமும் ஓடிக்கொண்டிருக்கிறதே!

சிவப்பணு எப்படி வெடிக்கிறது?

சிவப்பணுக்கள் மிகச் சிறியவை. சிறிய உயிரணுவில் துளையிட வலிமையான மின்புலம் வேண்டும். ஆகவே, பெரும்பாலான சிவப்பணுக்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால், கத்தீட்டரின் மின்முனைக்கு மிக அருகில் மின்புலம் மிகவும் வலிமையாக இருக்கும். மின்முனை இதயச் சுவரில் சரியாகப் பொருந்தாமல் இரத்தத்தில் மிதந்தால், அருகில் செல்லும் சிவப்பணுக்கள் அதில் சிக்கும்.

அடுத்து நடப்பது நீங்கள் பள்ளியில் படிக்கும் ஆஸ்மோசிஸ் எனும் சவ்வூடு பரவல்தான். துளைகள் வழியாக உப்புகள் உள்ளே புகுகின்றன. ஹீமோகுளோபின் மூலக்கூறு பெரியது என்பதால், அது வெளியேற முடியாமல் உள்ளேயே இருக்கிறது. நீர் மேலும் மேலும் உள்ளே நுழைய, சிவப்பணு வீங்கி வெடிக்கிறது. இதைக் கினோஷிதா, சாங் என்னும் இரு அறிவியலாளர்கள் 1977இலேயே மனிதச் சிவப்பணுக்களைக் கொண்டு செய்த ஆய்வில் காட்டியிருந்தனர்.

சிக்கல் எண்ணிக்கையில் இல்லை

சிவப்பணுக்கள் குறைந்துவிடுமே என்று கவலைப்படுகிறீர்களா? நம் எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நொடியும் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட புதிய சிவப்பணுக்களை உருவாக்குகிறது. இழப்பை அது ஈடுகட்டிவிடும். சிக்கலே வெளியே கொட்டிய ஹீமோகுளோபின்தான். சிவப்பணுவுக்குள் இருக்கும்வரை அது உயிர்வளியைச் சுமந்து நம்மைக் காக்கிறது. வெளியே வந்துவிட்டால் அதுவே தீங்கு செய்கிறது.

இதற்கும் உடல் ஒரு துப்புரவுப் பணியாளரை வைத்திருக்கிறது. கல்லீரல் உருவாக்கும் ஹெப்டோகுளோபின் எனும் புரதம், சிதறிய ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கி, அதிலுள்ள இரும்பை மறுபயன்பாட்டுக்கு அனுப்புகின்றன. ஆனால், ஹெப்டோகுளோபின் ஓரளவுதான் இருக்கிறது. அது தீர்ந்ததும், மிஞ்சிய ஹீமோகுளோபின் சிறுநீரகத்திற்குச் செல்கிறது. சிறுநீர் கோலா பானம் போல் கருஞ்சிவப்பாகிறது. அளவு மிகுந்தால் சிறுநீரகத்தின் நுண்குழல்கள் பாதிக்கப்படுகின்றன.

எத்தனை பேருக்கு?

2024இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியான ஆய்வு, இம்முறையில் சிகிச்சை பெற்ற 17,642 பேரின் விவரங்களைத் திரட்டியது. சிவப்பணுச் சிதைவால் சிறுநீரகம் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்பு தேவைப்பட்டவர்கள் 0.03 விழுக்காட்டினர். அதாவது, பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய மூவர்.

மிகக் குறைவுதான். ஆனாலும் அந்த மூவரில் நம் தாத்தாவோ பாட்டியோ இருந்தால்? எனவே மருத்துவர்கள் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். தேவைக்கு மேல் மின்துடிப்புகளைச் செலுத்துவதில்லை. மின்முனை இதயச் சுவரோடு நன்கு பொருந்தியிருப்பதை உறுதிசெய்கின்றனர். சிகிச்சைக்குப் பின் சிரை வழியாக உப்பு நீர் ஏற்றி, ஹீமோகுளோபின் சிறுநீரகத்தில் தங்காமல் வெளியேற உதவுகின்றனர். அந்த உப்பு நீரின் செறிவு 0.9 விழுக்காடு. வெறும் நீரை ஏற்றினால், அதே சவ்வூடு பரவலால் நல்ல சிவப்பணுக்களும் வெடித்துவிடும்!

செய்து பாருங்கள்

ஒரு கிண்ணத்தில் வெறும் நீரும், இன்னொன்றில் உப்பை நிறையக் கரைத்த நீரும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஐந்தைந்து உலர் திராட்சைகளைப் போட்டு ஓர் இரவு வைத்திருங்கள். காலையில் எந்தக் கிண்ணத்தில் திராட்சைகள் அதிகம் உப்பியிருக்கின்றன? ஏன்? காரணத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் விளக்கிச் சொல்லுங்கள்.