டெம்பரேச்சர் முள்ளு ஏன் அசையல?

தொப்பம்பட்டியிலிருந்து பேசுறேன். பானட்டைத் திறந்து வெச்சிருக்கேன், பாருங்க, மாருதி 800. 1983-ல வந்து 2014 வரைக்கும் தயாரான வண்டி. நம்ம பக்கம் தோட்டத்துக்கும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. இந்த வண்டியில எவ்வளவு தூரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு அடியிலயே கிடக்கு. அதை இன்னைக்குச் சரிபண்ணப் போறோம்.

முள்ளு கீழ இருந்தா இன்ஜின் குளிர்ச்சியா இருக்குன்னு நம்பிடாதீங்க. ஒருமுறை பழனியிலிருந்து கொடைக்கானல் மலை ஏறிக்கிட்டிருந்தேன். நடுவுல நின்ன முள்ளு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. நல்லதுதானேன்னு மிதிச்சேன். ஒரு ஹோஸ் வெடிச்சு தண்ணி பூரா வெளிய போயிருந்துச்சு. சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் சூட்டைச் சரியாச் சொல்லும். தண்ணியே இல்லாதப்ப அது எதைச் சொல்லும்? ஹெட் வளைஞ்சு, கேஸ்கட்டும் போச்சு.

அதனால முதல் வேலை, கூலன்ட் இருக்கான்னு பாக்கிறது. இன்ஜின் நல்லா ஆறின பிறகு மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்க. அந்த மூடி உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதனாலதான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணி கொதிக்காம நிக்குது. சூட்டோட திறந்தீங்கன்னா மொத்தமும் பொங்கி முகத்துல அடிக்கும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். அங்க திறந்த பாத்திரத்துல தண்ணி 93 டிகிரி வாக்கிலயே கொதிச்சிடும். மலை ஏறுற வண்டிக்கு மூடியோட ரப்பர் நல்லா இருக்கணும்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

கூலன்ட் சரியா இருக்கு. அடுத்து சாவியைப் போட்டு பெட்ரோல் முள்ளைப் பாருங்க. அதுவும் செத்துக் கிடந்தா சென்சாரைத் தேடவே வேண்டாம். ரெண்டு மீட்டருக்கும் பொதுவா கரண்ட் வர்ற பியூஸையும் மீட்டரோட எர்த்தையும் பாத்தாப் போதும்.

பெட்ரோல் முள்ளு ஏறுது, இது மட்டும் ஏறலையா? இப்ப இங்க வாங்க. தெர்மோஸ்டாட் பக்கத்துல ஒத்தை வயரோட சின்னதா ஒரு பித்தளை சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற இதோட மின்தடை குறையும். தடை குறைஞ்சா கரண்ட் அதிகமாப் போகும், முள்ளு மேல ஏறும். இந்த மீட்டரோட சங்கதியே அவ்வளவுதான்.

அந்த வயரைக் கழட்டுங்க. சாவியை ஆன் பண்ணி, வயர் முனையை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத இரும்புல தொட வைங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து முள்ளைப் பாக்கட்டும். முள்ளு சூடு பக்கமா ஏறினா, மீட்டரும் நல்லா இருக்கு, வயரும் நல்லா இருக்கு. கெட்டது சென்சார்தான். ஏறினதும் உடனே கையை எடுத்துடுங்க, மீட்டரை வேகவிடாதீங்க. தொட்டும் அசையலைன்னா வயர் எங்கயோ அறுந்திருக்கு, இல்ல மீட்டர் போயிடுச்சு. பெரும்பாலும் சென்சார்கிட்டயே வயர் முனை பச்சை பூத்து இத்துப்போயிருக்கும். அதை வெட்டிட்டு புது முனை போட்டாலே பல வண்டி சரியாயிடும். இந்த ஒரு நிமிஷச் சோதனை பண்ணாம யாரும் மீட்டர் செட்டை மாத்தச் சொன்னா, ஒத்துக்காதீங்க.

சோதனையில எல்லாம் சரியா வருது, ஆனா ஓடும்போது முள்ளு லேசா அசைஞ்சு, கால்வாசிகூட ஏறலைன்னா? அப்ப தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கும். இல்லைன்னா, வண்டி சூடாகுதுன்னு முன்னாடி யாரோ வால்வையே கழட்டிப் போட்டிருப்பாங்க. நம்ம வெயிலுக்கு வால்வு எதுக்குன்னு கேக்கிறாங்க. இன்ஜின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரலைன்னா பெட்ரோலும் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். புது வால்வு போட்டுடுங்க.

சரி, இந்த வண்டியில வயரைத் தொட்டதும் முள்ளு ஏறிடுச்சு. சென்சாரை மாத்துறோம். புதுசைக் கையில தயாரா வெச்சுக்கிட்டு, ஆறின இன்ஜின்ல பழசைக் கழட்டுங்க. பாருங்க, நுனி பூரா வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு. போர் தண்ணியை ஊத்தி ஊத்தி வந்த வினை. மரையில டேப்பை மொத்தமாச் சுத்தாதீங்க. ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த் அந்த மரை வழியாத்தான் கிடைக்குது. அளவா இறுக்குங்க, பித்தளை சீக்கிரம் உடையும்.

இன்னொண்ணு. புது வண்டிகள்ல சென்சார் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்லுது. அங்க வயரைக் கழட்டி எர்த்ல தொடுற வேலை கூடவே கூடாது, ஸ்கேனர் போட்டுத்தான் பாக்கணும். பல வண்டியில முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரிஞ்சா ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திடுங்க.

இப்ப ஸ்டார்ட் பண்றேன். முள்ளு கிளம்பிடுச்சு... நடுவுக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. ஃபேன் சத்தம் கேக்குதா? ஓடி நிக்குது. நாளைக்குக் காலையில, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி, சென்சாரைச் சுத்தி ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பாத்துட்டு, குறைஞ்ச கூலன்ட்டை ஊத்திக்குங்க.