மட்கார்டு ஒடுக்கு எடுக்கக் கொடுக்கும் முன்

இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறிப் பெய்யும் ஊர் திருவனந்தபுரம். மேற்கே உப்புக் காற்று வேறு. பழைய ஹெர்குலிஸ், ராலே சைக்கிளின் இரும்பு மட்கார்டில் ஒடுக்கு விழுந்தால் அந்த இடத்தில் பெயின்ட் விரிசல் விடும்; உள்ளே ஒட்டிய சேறு காயாமல் கிடந்து தகட்டை அரிக்கும். அதனால் ஒடுக்கைச் சீக்கிரம் எடுத்துவிடுவது நல்லது. எடுக்கும் முறையில்தான் கவனம் வேண்டும்.

முதல் கவலை, பெயின்ட். வீட்டுப் பெயின்ட்டிலும் அலங்காரப் பெயின்ட்டிலும் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலானது. தொழிற்சாலைகளுக்கான பெயின்ட்டுக்கு அந்த விதி பொருந்தாது. எனவே 30, 40 வருஷச் சைக்கிளின் பெயின்ட்டில் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளில் தேய்த்தால் அது தூளாகவும், கேஸ் பர்னரில் சுட்டால் புகையாகவும் மூச்சில் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். பட்டறைக்காரரின் சட்டையில் ஒட்டிய தூள் அவர் வீட்டுப் பிள்ளை வரை போகும் என்பதை நாம் நினைப்பதே இல்லை. சுட வேண்டாம், வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டே சைக்கிளைக் கொடுங்கள். வீட்டில் செய்தால் கிணற்றடியும் குழந்தைகளும் தள்ளியே இருக்கட்டும். துணி மாஸ்க் போதாது, என்-95 போடுங்கள்.

ஒடுக்கு எடுக்க மட்கார்டைக் கழற்றி, மணல் மூட்டைமேல் கவிழாமல் மல்லாக்க வைத்து, உள்பக்கத்திலிருந்து உருண்டை முனை மரச்சுத்தியால் தட்ட வேண்டும். ஓரத்தில் தொடங்கி நடுவுக்கு வர வேண்டும். இரும்புச் சுத்தியால் ஓங்கி அடித்தால் தகடு நீண்டு அலையலையாகிவிடும். ரிவெட்டைச் சுற்றித் துரு தின்றிருந்தால் தட்டவே கூடாது. ஸ்டே கம்பி ஆடினாலும் ஆபத்து: முன் மட்கார்டு சக்கரத்துக்குள் மடங்கினால் சக்கரம் சட்டென நின்று, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார்.

உரிமைக்கு வருவோம். பழுதுபார்க்க விட்ட பொருளைத் தன் பொருளைப் போலக் கவனமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. பழைய கனத்த மட்கார்டைக் கழற்றி மெல்லிய புதியதை மாட்டினாலும் பழையது உங்களுடையதுதான், கேட்டு வாங்குங்கள். தொழிலாளிக்கும் உரிமை உண்டு. சொன்ன வேலையை முடித்திருந்தால், கூலி தரும்வரை சைக்கிளைப் பிடித்துவைக்க 170ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்க இடம் தரவில்லை.

வேலை மோசமாகிப் பேசியும் தீரவில்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் கையில் சான்று வேண்டும். சின்ன வேலைதானே என்று கூச்சப்படாமல், விடும்போதே இரு பக்கமும் படம் எடுத்து, என்ன வேலை, எவ்வளவு கூலி, பழைய பாகம் திரும்ப வருமா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் ரசீது கேளுங்கள்.