அடி விழும் நொடியில் கார்பனுக்கு என்ன ஆகுது?

பென்சில்ல இருக்கிற கிராஃபைட்டும் வைரமும் ஒரே கார்பன்தான், அணுக்கள் அடுக்கியிருக்கிற விதம்தான் வேறன்னு ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. இன்னைக்கு நான் பேசப்போறது இன்னொரு அடுக்கைப் பத்தி: அறுகோண வைரம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பெரிய பள்ளத்தை உண்டாக்கின விண்கல்லோட துண்டுகள்ல இது இருக்கிறதா 1967-ல் அறிவிச்சாங்க. படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல் பேரால லான்ஸ்டேலைட்னு பேரும் வச்சாங்க. மோதலின் அதிர்ச்சியில் கிராஃபைட் இப்படி மாறியிருக்கணும்னு விளக்கம். ஆனா 2014-ல் ஒரு ஆய்வுக்குழு, இது தனிப் பொருளே இல்ல, அடுக்கு குலைஞ்ச சாதாரண வைரம்தான்னு சொல்லிச்சு.

ஏன் இந்தக் குழப்பம்? கேரம் போர்டுல அடிச்சு முடிச்ச பிறகு காய்கள் கிடக்கிறதைப் பார்த்து, எது எதை முதல்ல தொட்டுச்சுன்னு சொல்ல முடியுமா? அதே மாதிரிதான். அழுத்தம் விலகும்போதும் சூட்டிலும் பொருள் மறுபடி மாறிடலாம். அதனால மோதல் நடக்கும்போதே அணுக்களைப் பார்க்கணும்.

அதுக்குத்தான் சின்க்ரோட்ரான். சிகாகோ பக்கத்துல ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், 1.1 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுத்துது. காந்தங்கள் அதோட பாதையை வளைக்கும்போது எக்ஸ்ரே வெளியே வரும். எலக்ட்ரான்கள் கொத்துக் கொத்தா ஓடுறதால, எக்ஸ்ரேயும் கேமரா ஃபிளாஷ் மாதிரி விட்டு விட்டு வருது. ஒவ்வொரு ஃபிளாஷும் சுமார் 100 பிகோசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நொடிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தகட்டைச் சுட்டு கிராஃபைட்டில் மோதவிட்டாங்க. அந்த வேகத்திலும் ஒரு ஃபிளாஷ் நேரத்துக்குள்ள தகடு நகர்றது அரை மைக்ரான்தான். படம் கலங்காது. எக்ஸ்ரே அணு அடுக்குகள்ல பட்டுச் சிதறி விழும் கோலத்தை வச்சு, உள்ளே எந்த அடுக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்.

2017-ல் முடிவு வந்துச்சு. காத்தழுத்தத்தைப் போல சுமார் 5 லட்சம் மடங்கு அழுத்தத்தில், சில நானோசெகண்டுக்குள்ள அறுகோண வைரம் உருவாகுது.

இதை வச்சு அரிசோனா கல்லுக்குள்ள இருக்கிறது என்னன்னு தீர்ப்பு சொல்லிட முடியாது. ஆனா அதிர்ச்சி மட்டுமே கிராஃபைட்டை இப்படி மாத்தும்ங்கிறது இனி ஊகம் இல்ல. அது நடக்கும்போதே படம் எடுத்தாச்சு.