எந்தப் பாதிக்கு அநியாயம்?

உயர்தர வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். “பாதிப் பேருக்கு மருந்து குடுக்கிறாங்க, மற்றப் பாதிக்கு ஒன்றுமில்லாத போலி மருந்து. உயிருக்குப் போராடுற ஆளை வெச்சி இப்படி ஆராய்ச்சி செய்றது அநியாயம் இல்லையா சேர்?”

உடனே எனக்கு ஞாபகம் வந்தது மச்சானின் விபத்துத்தான். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடி, பேச்சுமூச்சில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நின்றோம். பாமசியில் வேலைசெய்த உறவினர் ஒருவர், “மூளை வீங்கும், ஸ்டீரொயிட் ஊசி போடச் சொல்லுங்க” என்றார். நானே போய்க் கேட்டேன். “தலைக் காயத்துக்கு இப்ப அது போடுறதில்ல” என்று சொல்லிவிட்டு டொக்டர் உள்ளே போய்விட்டார். இருக்கிற மருந்தைக் கொடுக்காமல் விடுகிறார்களே என்று எங்களுக்குச் சரியான கோபம். மச்சான் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு மச்சானை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

உறவினர் சொன்னது ஆதாரமில்லாத பேச்சல்ல. மூளைக் கட்டிகளைச் சுற்றி வரும் வீக்கத்தை ஸ்டீரொயிட் குறைக்கும். அப்படியென்றால் அடிபட்ட மூளையின் வீக்கத்தையும் குறைக்கத்தானே வேண்டும்? இந்த நியாயத்தின் பேரில் முப்பது வருடத்துக்கு மேலாகப் பல நாடுகளில் அதைக் கொடுத்து வந்தார்கள். இடையில் நடந்த ஆய்வுகள் சிறியவை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் நன்மையா தீமையா என்பது தெளிவாகவில்லை.

அதைத் தீர்க்கத்தான் 1999இல் ‘க்ராஷ்’ என்ற ஆய்வு தொடங்கியது. லண்டனிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டது. 49 நாடுகள், 239 ஆஸ்பத்திரிகள். தலையில் அடிபட்டு 8 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் யாருக்கு ஸ்டீரொயிட், யாருக்குப் போலி மருந்து என்பதை டொக்டர் தீர்மானிக்கவில்லை, குலுக்கல் தீர்மானித்தது. கொடுக்கிற டொக்டருக்கும் எது எதுவென்று தெரியாது. இது ஏன் இவ்வளவு முக்கியம்? டொக்டரின் விருப்பத்துக்கு விட்டால், மோசமானவர்களுக்கு மருந்தைக் கொடுத்து, தேறக்கூடியவர்களைச் சும்மா விடுவார். அல்லது மறுதலையாகச் செய்வார். பிறகு இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

20,000 பேரைச் சேர்ப்பது திட்டம். 2004 மே மாதம், 10,008 பேரோடு நிறுத்திவிட்டார்கள். இடைக்கிடை கணக்குப் பார்த்துவந்த சுயாதீனக் குழுவொன்று கண்டது இதுதான்: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீரொயிட் பெற்றவர்களில் 21.1 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம்.

நூறு பேருக்கு மூன்று பேர் அதிகம். ஒரு வார்ட்டில் நிற்கிற டொக்டரின் கண்ணுக்கு இந்த மூன்று பேர் எந்தக் காலத்திலும் தெரியமாட்டார்கள். தலையில் பலத்த அடியோடு வருகிறவர்களில் சிலர் எப்படியும் இறக்கத்தான் செய்வார்கள். பிழைத்தவரை மருந்து காப்பாற்றியது என்போம், இறந்தவரைக் காயம் கொன்றது என்போம். அனுபவம் மிகுந்த டொக்டருக்கும் இதே மயக்கம்தான்.

அப்படியென்றால் போலி மருந்துக்காரர்கள்தான் எப்போதும் அதிர்ஷ்டசாலிகளா? அதுவும் இல்லை. அதே குழுவினர் அடுத்து இரத்தப்போக்கை எடுத்துக்கொண்டார்கள். மருந்து ட்ரனெக்ஸமிக் அமிலம்; ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியினர் 1960களின் தொடக்கத்தில் உலகுக்கு அறிவித்த, விலை மலிந்த மருந்து. 40 நாடுகளில் 20,211 விபத்து நோயாளிகள். 2010இல் வெளிவந்த முடிவின்படி, மரணம் 16.0 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. இந்த முறை இழந்தது மற்றப் பாதி. அடுத்த வருடம் அதே தரவுகளைத் துருவிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது: அடிபட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் பயன், பிந்தினால் இரத்தப்போக்கால் இறப்பது கூடுகிறதாம்.

இந்த மூன்று மணித்தியாலம் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஆய்வில் சேர்க்க நோயாளியின் சம்மதம் வேண்டும். அவருக்கோ நினைவில்லை, வீட்டார் இன்னும் வழியில். சம்மதம் கேட்பது அவசியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மருந்தின் பயனில் கழிகிறது. அதனால்தான், உறவினர் இல்லாதபோது என்ன செய்வதென்பதை ஒழுக்கவியல் குழுக்கள் முன்கூட்டியே தீர்மானித்து வைக்கின்றன. சரியான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தேன். மாணவி கொஞ்ச நேரம் யோசித்தாள். “சரி சேர், ஆராய்ச்சியில சேர்ந்த ஆக்களையாவது எண்ணினாங்க. அதுக்கு முந்தி முப்பது வருஷமா அந்த ஊசியை வாங்கின ஆக்கள்? அவங்கட கணக்கு?”

அதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.