700 கிளிப்பில் தேறியது 55தான்: ஏ.ஐ. மியூசிக் வீடியோ எப்படி உருவாகிறது?

ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்கணும்னா கேமரா, லைட், லொகேஷன், டான்ஸர், சாப்பாடு, வண்டி வாடகை என்று பட்ஜெட் எகிறிக்கொண்டே போகும். இப்போது ஒரு லேப்டாப்பும் நாலு வரி எழுத்தும் இருந்தால் போதும் என்கிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு ஈஸியா?

கவனம் ஈர்த்த வீடியோ

'வாஷ்ட் அவுட்' என்ற பெயரில் பாடல்களை வெளியிடுபவர் அமெரிக்க இசைக்கலைஞர் எர்னஸ்ட் கிரீன். அவருடைய 'தி ஹார்டஸ்ட் பார்ட்' பாடலின் வீடியோ 2024 மே மாதம் வெளியானது. இயக்குநர் பால் டிரில்லோ அதை ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'சோரா' மூலம் உருவாக்கினார். அப்போது சோரா பொதுப் பயன்பாட்டுக்கே வரவில்லை.

ஒரு ஜோடியின் பள்ளிக்காலம், கல்யாணம், குழந்தை, முதுமை எனக் கேமரா நிற்காமல் முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே போகும். சுமார் 4 நிமிட வீடியோ. இதற்காக டிரில்லோ உருவாக்கிய கிளிப்புகள் சுமார் 700. பயன்படுத்தியது சுமார் 55. அதாவது 13 கிளிப் போட்டால் ஒன்றுதான் தேறியிருக்கிறது. அவற்றை ஒட்டிக் கோத்தது வழக்கமான எடிட்டிங்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

விளக்கத்தோடு சேர்ந்த ஏராளமான வீடியோக்களைப் பார்த்து இந்த மாடல்கள் பழகியிருக்கின்றன. நாம் பிராம்ப்ட் கொடுத்ததும், பழைய டிவியில் வரும் புள்ளி புள்ளியான இரைச்சல் போன்ற ஒன்றிலிருந்து தொடங்கி, படிப்படியாக அதைச் சுத்தம் செய்து காட்சியாக மாற்றுகின்றன. இதற்கு 'டிஃப்யூஷன்' என்று பெயர்.

சிக்கல் என்னன்னா, ஒவ்வொரு கிளிப்பும் சில விநாடிகள்தான். 2025 மே மாதம் வந்த கூகுளின் 'வியோ 3' தந்தது 8 விநாடி. 4 நிமிடப் பாட்டுக்கு இப்படிக் குறைந்தது 30 கிளிப் வேண்டும். டிரில்லோவின் கணக்கில் பார்த்தால், அந்த 30 தேற 390 கிளிப் போட வேண்டியிருக்கும். பெரும்பாலான தளங்களில் ஒவ்வொரு முயற்சிக்கும் கிரெடிட் கழியும், அதாவது காசு.

செய்கிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் பாட்டைத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் பாட்டில் 4 பீட்டுக்கு 2 விநாடி. எந்த இடத்தில் காட்சி வெட்டணும் என்பதை இதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

அடுத்த தலைவலி முகம். முதல் ஷாட்டில் வந்த ஹீரோயின் மூன்றாவது ஷாட்டில் வேறு ஆளாகத் தெரிவார். அதனால் கதாபாத்திரத்தின் படத்தை முதலில் தயார்செய்து, அந்தப் படத்தையே அசைய வைக்கிறார்கள். உதட்டசைவைப் பாட்டோடு பொருத்துவது தனி வேலை. கடைப் பலகை எழுத்து குழம்பினால் அதை எடிட்டிங்கில் சரிசெய்வார்கள்.

யாருக்கு லாபம், யாருக்கு அடி?

கையில் காசில்லாத சுயாதீனக் கலைஞருக்கு இது பெரிய கதவு. ஆனால் குறைந்த பட்ஜெட் ஆல்பம் பாடல்களை நம்பிப் பிழைக்கும் குரூப் டான்ஸர், லைட்மேன், மேக்கப் கலைஞர், உதவி ஒளிப்பதிவாளர் ஆகியோருக்கு முதல் அடி விழுவதும் இதே இடத்தில்தான்.

மாடல்கள் யாருடைய படைப்பைப் பார்த்துக் கற்றன என்பதும் வழக்காகியிருக்கிறது. 2025 ஜூனில் டிஸ்னியும் யுனிவர்சலும் 'மிட்ஜர்னி' நிறுவனம் மீது வழக்கு தொடுத்தன. வெறும் பிராம்ப்ட் மட்டும் கொடுத்து உருவாக்கியதற்குக் காப்புரிமை கோர முடியாது என்பது அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் 2025 ஜனவரி அறிக்கையின் நிலைப்பாடு.

அனுமதி விஷயத்தில் தமிழில் ஓர் உதாரணம் உண்டு. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தினரிடம் அனுமதி பெற்று, அதற்கான ஊதியமும் கொடுத்ததாக அவரே தெரிவித்தார்.

முயற்சி செய்யப் போறீங்களா?

* முழுப் பாட்டுக்கும் இறங்கும் முன் ஒரு சரணத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.
* வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டா என்று அந்தத் தளத்தின் விதிமுறையில் பாருங்கள். இலவசக் கணக்குகளில் பல நேரம் இருக்காது.
* நடிகர், பாடகர் என யாருடைய முகத்தையும் குரலையும் சம்மதமின்றித் தொடாதீர்கள்.
* நிஜம் போலவே தெரியும் ஏ.ஐ. காட்சி என்றால், யூடியூபில் ஏற்றும்போது அதைக் குறிப்பிட வேண்டும். 2024 மார்ச் முதல் இது அங்கே கட்டாயம்.