ஒரு நிமிடத்தில் ஒரு நாள்

ஜூன் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. காலையில் பூசைக்குப் பூப்பறிக்கச் சென்ற அம்மா வெறுங்கையுடன் திரும்பினார். "நந்தியாவட்டையை ஏதோ மொட்டையடிச்சிருக்கு. மருந்து வாங்கிட்டு வா," என்றார்.

மார்சிலிங்கில் எங்கள் வீவக வீட்டு வாசலில் இருக்கும் தொட்டிச் செடி அது. தேக்காவிற்குப் போக முடியாத நாள்களில் சாமி படத்துக்கு அதன் பூதான். இலைகளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பச்சைப் புழுக்கள். பெரியது என் சுண்டுவிரலைவிட நீளம். தொட்டதும் தலையை உள்ளிழுத்துக்கொண்டது. கழுத்துப் பக்கம் இரண்டு நீலக் கண்கள் விழித்தன.

அவை கண்கள் அல்ல, பறவைகளை மிரட்டும் வெறும் புள்ளிகள் என்பது பிறகுதான் தெரிந்தது. அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவை அதற்குப் பிடித்த உணவு. பால் வடியும் அந்த நச்சு இலைகளை அது எந்தக் கவலையும் இல்லாமல் தின்னும்.

"அப்பா, இது என்னவா மாறும்?" என்றாள் தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள்.

"ஒரு மாசம் பொறுங்கம்மா, படம் பிடிச்சுப் பார்ப்போம்," என்று அம்மாவிடம் கெஞ்சினேன். பாதிச் செடி பூச்சிக்கு, பாதி சாமிக்கு என்று உடன்பாடு ஆனது.

கணக்கும் கேமராவும்

காலச்சுருக்கக் காணொளி, அதாவது டைம்-லேப்ஸ், எளிய கணக்குதான். காணொளியில் ஒரு நொடிக்கு 24 படங்கள். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் ஒரு நாளில் 1,440 படங்கள். அவை ஓடி முடிய 60 நொடிகள். ஒரு நாள் ஒரு நிமிடமாகிவிடும். இந்த உத்தியைக் கொண்டு பிரிட்டனின் பெர்சி ஸ்மித், பூக்கள் மலர்வதை 1910லேயே திரையில் காட்டிவிட்டார்.

பழைய கேமரா, முக்காலி, மேசை விளக்கு, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி. இவ்வளவுதான் எங்கள் ஸ்டூடியோ. முதல் நாள் படம் மின்னி மின்னி ஓடியது. மேகம் வந்து போகும்போதெல்லாம் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்ததே காரணம். திரைச்சீலையை மூடி, விளக்கை மட்டும் வைத்து, கேமரா அமைப்புகளைக் கையால் நிலைப்படுத்தியதும் சரியானது. புழு ஓர் இலையை ஓரத்திலிருந்து அறுத்துத் தின்று தீர்ப்பதை மகள் இருபது முறை பார்த்தாள்.

பத்தாம் நாள் பெரிய புழு பழுப்பாக மாறியது. சாப்பிடவில்லை, பெட்டிக்குள் அலைந்தது. நோய் என்று பயந்தோம். உண்மையில் அது கூட்டுப்புழுவாக மாறத் தரையில் இடம் தேடியது. காய்ந்த இலைகளைப் போட்டதும் அடியில் புகுந்துகொண்டது. சில நாள்களில் சின்னதும் அதேபோல் அடங்கியது.

நான் செய்த தவறு

படம் தெளிவாக இருக்கவேண்டும் என்று, பெரிய கூட்டுப்புழுவைச் சருகிலிருந்து எடுத்து, சுத்தமான பெட்டியில் வெள்ளைத் தாள்மேல் வைத்தேன். குச்சி வைத்தால் மறைக்கும் என்று அதையும் எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் கூடு கறுத்தது. வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது என்று, இரண்டு நொடிக்கு ஒரு படம் என மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால், கசங்கிய காகிதம் போன்ற இறக்கைகளுடன் பூச்சி தாளின்மேல் கிடந்தது.

படத்தை ஓட்டியபோது விளங்கியது. கூட்டைவிட்டு வந்ததும் அது வழவழப்பான சுவரில் ஏறியது. வழுக்கி விழுந்தது. மீண்டும் ஏறியது, விழுந்தது. புதிதாக வரும் பூச்சியின் இறக்கைகள் ஈரத்துணிபோல் மென்மையானவை. அது உயரத்தில் தொங்கியபடி உடல் திரவத்தைச் செலுத்தி அவற்றை விரிக்கவேண்டும். அந்தச் சிறு நேரம் தவறினால், மடிந்தபடியே இறுகிவிடும்.

"அது ஏறிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாமதான் குச்சி வைக்கலப்பா," என்றாள் மகள். "நாம" என்று அவள் சொன்னது அவள் பெருந்தன்மை. குச்சியை எடுத்தவன் நான். சர்க்கரைத் தண்ணீர் வைத்தோம். ஐந்தாம் நாள் அது இறந்தது.

மறைந்த பாதி

இரண்டாவது கூட்டுப்புழுவைச் சருகிலேயே விட்டோம். பெட்டிக்குள் சொரசொரப்பான குச்சிகள், சுவரில் பழைய துணி. படத்தில் பாதி மறைந்தது, மறையட்டும். கூடு கறுத்த இரவு நாங்கள் தூங்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் கூடு பிளந்தது. பூச்சி நேராகக் குச்சியில் ஏறி, கேமராவுக்கு முதுகு காட்டித் தொங்கியது. மருந்து அடிக்கச் சொன்ன அம்மா பக்கத்தில் நின்று, "விழுந்துடாதே, கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்தில் பச்சையும் வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பளிங்குபோல் இறக்கைகள் விரிந்தன. மறுநாள் இரவு தாழ்வாரத்தில் பெட்டியைத் திறந்தோம். பூச்சி சற்று நேரம் இறக்கைகளை நடுங்கவிட்டு உடலைச் சூடேற்றியது. பிறகு பறந்துவிட்டது.

நீங்களும் முயலலாம். உங்கள் வீட்டுச் செடியில் வந்த புழுவாக இருக்கட்டும். மார்சிலிங் பூங்கா போன்ற பொதுப் பூங்காக்களிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. எந்தச் செடியில் கண்டீர்களோ அதன் புதிய இலையையே தினமும் கொடுங்கள். அரளி, நந்தியாவட்டைப் பால் நச்சு என்பதால் தொட்டபின் கை கழுவுங்கள். கேமராவை வைக்கும் முன்னரே, ஏறுவதற்குக் குச்சி வையுங்கள்.

விடுமுறை முடிந்ததும் வகுப்பில் காட்ட மகள் காணொளியைத் தொகுத்தாள். முதல் பூச்சி வழுக்கி விழும் பகுதியை நீக்கிவிடலாமா என்று கேட்டேன். "அதைக் காட்டாட்டி மத்தவங்களும் குச்சி வைக்க மறந்துடுவாங்க," என்று சொல்லி அப்படியே வைத்தாள்.

நந்தியாவட்டை மீண்டும் துளிர்த்துவிட்டது. அம்மா இப்போதெல்லாம் பூப்பறிக்கும் முன் இலையைத் திருப்பிப் பார்க்கிறார்.